முப்பதடி ரோட்டு மனை

தெய்வசிகாமணி பயந்த சுபாவம். இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும். "பயமெல்லாம் இல்லப்பா, முன்ஜாக்கிரதை" என்பான். சரி, முன்ஜாக்கிரதை என்றே வைத்துக்கொள்வோம், நமக்கென்ன நஷ்டம்? பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பான். லிஃப்டில் ஏறமாட்டான், நடுவில் கரண்ட் போனால்? அவன் வேலை பார்ப்பதோ புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்தில், மஞ்சள் சுவர் போட்ட ஒரு கெஸ்ட் ஹவுசில். ரிசப்ஷனில் உட்காருகிற ஆள். வெளியூர்ப் பையன்கள் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டில் மேலே போவார்கள், நம்ம ஆள் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறுவான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பயம். சிரிக்க முடியாத பயம் ஒன்றும் அவனிடம் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவனும் கீதாஞ்சலியும் முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போகிற ரோடு. வாரத்தில் பாதி நாள் பறைமேளமும் வெடிச்சத்தமும்தான். கீதாஞ்சலி அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு அது பால்காரன் மணி மாதிரி, காதிலேயே விழாது. முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஐந்து மாதம் வரை நின்றது. ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கீழே ஒரு சாவு போவதை எட்டிப் பார்த்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை வாய் பலவீனம், அடுத்த தடவை அலையக் கூடாது, ஓய்வு வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தெய்வசிகாமணியின் சித்தி ஒரே வரியில் முடித்தாள்: "வயித்துப் புள்ளக்காரி பொணத்த எட்டிப் பாத்தா எப்படிடா தங்கும்?"

டாக்டரம்மா சொன்னது காதோடு போயிற்று. சித்தி சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து நின்றார். வீட்டை இடித்து ஹோம்ஸ்டே கட்டப்போகிறாராம். சனி ஞாயிறுக்கு வந்து தங்குகிறவன் கொடுக்கிறதை மாதம் பூரா இருக்கிற நாம் கொடுக்க முடியுமா? டவுன் முழுக்க அதே கதைதான். "வெளிய போயிடலாங்க. தினம் பஸ்ல போயி வர்ற தூரத்துல ஒரு மனை வாங்கி, சின்னதா ஒரு வூடு கட்டிக்கலாம்" என்றாள் கீதாஞ்சலி. தெய்வசிகாமணிக்குக் கசக்குமா? சுடுகாட்டு ரோட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தான்.

பிறகு ஆரம்பித்தது தேடல். ஐயோ, அந்த ப்ரோக்கர் பட்ட பாடு! பாகூர்ப் பக்கம் ஒரு மனை: ஏரி உடைந்தால் என்ன செய்வது? ஏம்பலத்தில் ஒன்று: மூன்று பக்கமும் கரும்பு, பாம்பு வரும். செல்லிப்பட்டில் ஒன்று: ஆறு. கடைசியில் கரிக்கலாம்பாக்கத்தில், நெல் வயலை மண் கொட்டி மேடாக்கிக் கல் நட்டிருந்த இடம் அவனுக்குப் பிடித்தது. நடுவில் முப்பதடி அகலத்துக்கு ரோடு, இரண்டு பக்கமும் மனை. மழை பெய்த மறுநாள் போய்த் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்தான். பஸ் எத்தனை என்று விசாரித்தான். செல்போனை எல்லா மூலையிலும் தூக்கிப் பிடித்து டவர் எடுக்கிறதா என்று பார்த்தான். கடைசியாக ப்ரோக்கரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டான்.

"சுடுகாடு இங்க எங்க இருக்குது?"

"அது வாய்க்காலத் தாண்டி ரொம்ப தூரம் சார். இங்கருந்து பாத்தா பொகை கூடத் தெரியாது."

அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சுடுகாடு எங்கே என்று கேட்டவன், ஊர்க்காரர்கள் எந்த வழியாக அங்கே போவார்கள் என்று கேட்கவில்லை. ப்ரோக்கர் அதைத் தானாகச் சொல்வானா? இவன் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறுகளில் ஊரில் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

வீடு எழும்பிப் பால் காய்ச்சிக் குடிவந்தபோது கீதாஞ்சலிக்கு மூன்றாம் மாதம். வந்த வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் ரோட்டைப் பார்த்து அப்படியே நின்றான். வீட்டு வாசல் நெடுகச் சாமந்தி இதழும் ரோஜா இதழும் பொரியும் சிதறிக் கிடந்தன. வெடித்த பட்டாசுக் காகிதம் கேட்டுக்குள்ளேயே கிடந்தது. கீதாஞ்சலி அன்றைக்கு நல்லவேளையாக அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் வருவதற்குள் ஒரு இதழ் விடாமல் கூட்டி அள்ளினான். பக்கத்தில் குடியிருப்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள், எல்லாரும் டவுனுக்கு வேலைக்குப் போகிற ஜனம். யாரைக் கேட்பது?

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் பூக்கார பவுனம்மாளைக் கேட்டான்.

பவுனம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவள் புருஷன் மாரிமுத்து ஒருகாலத்தில் வில்லியனூரிலிருந்து சைக்கிளில் பூ எடுத்து வந்தவர், இப்போது நெஞ்சுச்சளியோடு கடை ஓரத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுப்பார். தெய்வசிகாமணி தினமும் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போய்வருவதால் பஸ்ஸுக்கு எப்போதும் ஓட்டம்தான். மாரிமுத்து எழுந்து நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "இருப்பா டிரைவரே, நம்ம ஆளு வர்றாரு!" பஸ்ஸும் நிற்கும்.

"அந்த ரோடா? அதுதான தம்பி எங்க ஊருக்கு சுடுகாட்டு வழி" என்றாள் பவுனம்மாள். "வரப்பா இருந்தப்பருந்தே அதான் வழி. மனை போட்டவன் அதையே ரோடாக்கிட்டான். உங்களாண்ட சொல்லலயா?"

தெய்வசிகாமணியின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பதறிப்போனாள். அவன் இரண்டு கர்ப்பம் கலைந்ததையும், இது மூன்றாவது என்பதையும், சித்தி சொன்னதையும் அந்த பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கொட்டிவிட்டான். அவள் கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். "நீ பயப்படாத தம்பி. இந்த ஊர்ல எந்தச் சாவுன்னாலும் மாலைக்கு மொதல்ல எங்கிட்டதான் வருவாங்க. உனக்கு ஒரு போன் போட்டுடறேன். எடுக்கறதுக்குள்ள அந்தப் பொண்ண அப்பால கூட்டிக்கினு போயிடு."

இப்படித்தான் அந்த ஏற்பாடு உண்டாயிற்று. போன் வரும். "தம்பி, இன்னிக்கு ஒண்ணு இருக்குது" என்பாள். "எத்தன மணிக்கு எடுக்கறாங்க?" என்று இவன் கேட்பான். உடனே கீதாஞ்சலிக்குப் போன் செய்து, டவுனுக்கு வா, துணி எடுக்கலாம் என்பான். இன்னொரு நாள் பீச்சில் காத்து நல்லா இருக்கு என்பான். ஐஸ்கிரீம் என்பான். அவளும் பஸ் ஏறி வருவாள். இத்தனை வருஷத்தில் இல்லாத ஆசையைப் பார் என்று அவள் அம்மா கூடக் கேலி செய்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அலையக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அவனைக் கேளுங்கள். போன் வந்தால் அவனுக்குக் கைகால் ஓடாது; கண்ணுக்குள் அந்த மாடியும் அந்த ஐந்தாம் மாதமும்தான் நிற்கும்.

ஒரு விஷயம். அத்தனை போனிலும் அவன் கேட்டது எத்தனை மணிக்கு என்பதை மட்டும்தான். செத்தது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கீதாஞ்சலிக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. ஏழில் பிறந்தால் கூடத் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று சித்தி போனிலேயே ஒரு குண்டைப் போட்டுவைத்தாள். தெய்வசிகாமணி பாதி இளைத்துவிட்டான். கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பவுனம்மாளின் போன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்தது. குரல் கட்டியிருந்தது.

"தம்பி, இன்னிக்கு ஒண்ணு இருக்குது. மூணு மணிக்கு மேல எடுக்கறாங்க. வாகனமெல்லாம் வருது, கூட்டம் இருக்கும். நேரத்தோட கூட்டிக்கினு போயிடுப்பா."

"இன்னாக்கா, தொண்டை கட்டியிருக்குது? சளியா?"

"ஆமாம்ப்பா, சளிதான்" என்று வைத்துவிட்டாள்.

கீதாஞ்சலியைக் கூப்பிட்டான். இடுப்பு வலிக்கிறது, இன்றைக்கு எங்கேயும் வரமாட்டேன் என்றாள். அவ்வளவுதான், இவனுக்கு வியர்த்துவிட்டது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தான். கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கியபோது பவுனம்மாளின் கடையில் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. மாலை கொடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டாண்டில் நின்ற பாக்யராஜின் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய், அவனை வாசலிலேயே நிற்கச் சொன்னான். ஊருக்குள் எங்கோ மேளம் ஆரம்பித்திருந்தது.

கீதாஞ்சலி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"கெளம்பு, டாக்டரு வரச்சொன்னாங்க" என்றான்.

"எந்த டாக்டரு? சாவு வருதுன்னு சொல்லுங்க."

அவன் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாதா? வாசல்ல சாமந்திப்பூ யாரு கொட்டிட்டுப் போறாங்க, தேரா வருது? ரெண்டாவது தபா நீங்க பீச்சுக்குக் கூப்பிடும்போதே தெரிஞ்சிபோச்சி. பாவம், பயந்துக்கினு ஐஸ்கிரீமெல்லாம் வாங்கித் தர்றாரேன்னு சும்மா இருந்தேன்." சிரித்தாள். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு முடியலங்க. கதவ சாத்திடுங்க, ஜன்னல சாத்திடுங்க. நான் பாக்கவே மாட்டேன், படுத்துக்கினே இருக்கறேன். போதுமா?"

போதும் என்றால் அங்கேயே முடிந்திருக்கும். அவனால் முடியவில்லை. மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் போனால் நான் தாங்கமாட்டேன் கீதா என்று சொல்லி, கட்டில் ஓரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டான். மனைவிக்குப் பயம் இல்லை, இரக்கம் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

முப்பதடி ரோட்டில் நேரே போனால் ஊர்வலத்துக்கு எதிரே போய் முட்ட வேண்டும். வாய்க்கால் கரைமேல் சுற்றிப் போகலாம் என்றான் தெய்வசிகாமணி. "மழைக்குக் கரை சேறா கெடக்குது சார், டிராக்டர் போயி பள்ளம் பள்ளமா இருக்குது" என்றான் பாக்யராஜ். "போப்பா, போப்பா!" என்று இவன் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினான். ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீதாஞ்சலி பல்லைக் கடித்தாள். கரை இறங்கி ஊர்க்கோடியில் தார் ரோட்டைத் தொடுகிற இடத்துக்கு வந்தபோது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கவிழவில்லை. ஆனால் கீதாஞ்சலி கம்பியில் மோதி, "அம்மா" என்றாள். அவள் சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

சீட்டில் ரத்தம். அவள் சேலையில், கால் வழியாக, ஆட்டோ தரையில்.

தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்த்தான். நேரெதிரே மேளம். பூவால் மூடிய வண்டி ஊர்க்கோடி திரும்பி அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எதைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை மாதம் ஓடினானோ, அதுவே எதிரே வந்து நின்றது. அந்த மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? மனைவியின் முந்தானையை எடுத்து அவள் கண்ணை மூடினான். கீழே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவன் கண்ணை மூடுகிறான். "பாக்காத கீதா, பாக்காத, பாக்காத" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

பாக்யராஜ்தான் குதித்து இறங்கி, "யாராவது வாங்கப்பா!" என்று கத்தினான். மேளம் நின்றது. ஜனம் ஓடி வந்தது. ஒருவன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். வில்லியனூரிலிருந்து கிளம்பி ரயில்வே கேட்டில் நிற்கிறதாம், கேட் திறந்து வர நேரமாகும் என்றார்கள். சாய்ந்த ஆட்டோவைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள், அச்சு முறிந்திருந்தது. பைக்கில் உட்காரவைக்கிற நிலைமையில் அவள் இல்லை. அங்கன்வாடியில் வேலை செய்கிற கஸ்தூரி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உடனே போவணும், தாமசம் பண்ணாதீங்க" என்றாள். கஸ்தூரியின் முகத்தைப் பார்த்த தெய்வசிகாமணிக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது.

அங்கே இருந்தது ஒரே ஒரு வண்டிதான்.

"எறக்குங்க அவர" என்று ஒரு குரல் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தலை நிறையப் பூ, முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம். புருஷன் செத்த அன்றைக்குப் பெண்ணுக்குச் செய்கிற கடைசி அலங்காரம். ஊரில் பெண்கள் அந்தக் கோடி வரைக்கும்தான் வருவார்கள், அதற்குமேல் ஆண்கள். கோடியில் திரும்ப வேண்டியவள் திரும்பாமல் வந்து நின்றாள். தெய்வசிகாமணி அவள் முகத்தைப் பார்த்தான். பவுனம்மாள்.

"யக்கா... அண்ணனா?"

"ஆமாம்ப்பா. காலையில." அவ்வளவுதான் சொன்னாள். காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் மதியம் இவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். சளியா என்று கேட்டிருக்கிறான் இவன்.

"பவுனு, பாதி வழியில பொணத்த எறக்கக் கூடாது" என்றார் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர். "ஊருக்கு ஆவாதும்மா."

"ஒரு உசுர ரோட்ல வுட்டுட்டுப் போனா மட்டும் ஊருக்கு ஆவுமா?" அவள் குரல் கட்டிப்போயிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "செத்தவருக்கு இன்னா அவசரம்? இந்தத் தம்பிக்காக பஸ்ஸையே நிறுத்தி வெச்ச மனுஷன் அவரு. கொஞ்ச நேரம் அவரு நிக்கட்டும். எறக்குங்கப்பா!"

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். புங்கமரத்தடியில் பாயை விரித்து மாரிமுத்துவை இறக்கினார்கள். அவர் இருந்த இடத்தில் கீதாஞ்சலியைப் படுக்கவைத்தார்கள். தெய்வசிகாமணிக்கு அந்த வண்டியில் கால் வைக்க முடியவில்லை. நிஜமாகவே முடியவில்லை, கால் வேர்விட்ட மாதிரி நின்றான். கஸ்தூரி உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். "ஏறுய்யா, உம்பொண்டாட்டி!"

வண்டி ஓட்டுகிற விஜயராஜ் அதுவரை அந்த வண்டியை வேகமாக ஓட்டியதே இல்லை. அன்றைக்கு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அபிஷேகப்பாக்கம் தாண்டி, தவளக்குப்பம் வழியாகப் பறந்தான். காற்றில் மாலைகள் அறுந்து ரோடு பூராப் பூ விழுந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டியைப் பார்த்து எழுந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பைக்கில் போன ஒருவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். தெய்வசிகாமணிக்கு வெறி பிடித்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டி, "கும்பிடாதீங்கடா! உசுரோட இருக்காடா! கும்பிடாதீங்கடா!" என்று கத்திக்கொண்டே போனான். யாருக்கும் கேட்கவில்லை.

கீதாஞ்சலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

கல்யாணமான நாளாக அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வீட்டில் பயப்படுவதெல்லாம் இவன் இலாகா. அவளே பயந்தால் இவன் எங்கே போவான்? "எனக்கு இல்ல கீதா, ஒண்ணும் ஆவாது" என்றான். பல் கிட்டிப்போய்த்தான் அதைச் சொன்னான்.

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினான். "யோவ், பொண வண்டிய இங்க எதுக்குக் கொண்டாற? பின்பக்கமாப் போ!" தெய்வசிகாமணி இறங்கி ஓடி அவன் காலில் விழுந்துவிட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த வாட்ச்மேன், அவனே ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அப்புறம் கதவை மூடிவிட்டார்கள். கீதாஞ்சலியின் அம்மா முத்தியால்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். எட்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று மண்டைக்குள் சித்தியின் குரல் ஓடியது. கடைசியில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, "பெண் குழந்தை. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில் வெச்சிருக்கோம்" என்றாள். கண்ணாடிப் பெட்டி என்றதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாவு வீட்டில் ஐஸ் போட்டு வைக்கிற கண்ணாடிப் பெட்டி தவிர வேறெதையும் அவன் பார்த்ததில்லை. "அட, எழுந்திரிங்க சார்! மூச்சு விடுது, அழுவுது, நல்லாத்தான் இருக்குது. அம்மாவும் பிழைச்சிட்டாங்க. வந்து பாருங்க" என்று அவள் கைகொடுத்துத் தூக்கினாள். பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று பயந்து, மறுபடி மறுபடி பார்த்தான்.

வெளியே விஜயராஜ் பைப்பில் தண்ணீர் பிடித்து வண்டியைக் கழுவி முடித்திருந்தான். "நான் கெளம்பறேன் சார். அங்க எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

குழந்தையை விட்டுவிட்டுப் போக அவனுக்குப் பயம். அந்த வண்டியில் திரும்ப ஏறப் பயம். பவுனம்மாளின் முகத்தில் முழிக்க எல்லாவற்றையும்விடப் பயம். மாமியாரிடம் சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

கரிக்கலாம்பாக்கம் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. புங்கமரத்தடியில் அப்படியே இருந்தார்கள். ஆண்கள் கரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். கோடியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பெண்கள் ஒருத்தியும் திரும்பவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்களாம். சேதி வராமல் எடுக்க விடமாட்டேன் என்று பவுனம்மாள் சொல்லிவிட்டாளாம். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து தெய்வசிகாமணி இறங்குவதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இன்னா தம்பி?" என்றாள்.

அதைக் கேட்க அவள் எவ்வளவு பயந்தாள் என்பது அவனுக்குக் குரலிலேயே புரிந்தது. பயத்தை அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"பொட்டப் புள்ளக்கா. ரெண்டு பேரும் பொழச்சிக்கினாங்க."

கூட்டத்தில் யாரோ "அப்பாடா" என்றார்கள். மேளக்காரர்கள் எழுந்தார்கள். நான்கு பேர் பாயின் நான்கு மூலையைப் பிடிக்கக் குனிந்தபோது, கால்மாட்டில் தெய்வசிகாமணியும் குனிந்தான்.

"புள்ள பொறந்த தீட்டோட தொடாதப்பா" என்றார் அந்தப் பெரியவர்.

"தொடறேங்க" என்றான்.

பயம் எங்கும் போய்விடவில்லை. மாரிமுத்துவின் குதிகால் பட்டபோது முதுகெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் விடவில்லை. தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

பவுனம்மாள் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி, புருஷன் காதோரம் குனிந்தாள்.

"கேட்டுக்கினியா? பொண்ணாம். நல்லா இருக்குதாம்" என்றாள். "நீ கெளம்பு."

அதற்கப்புறம்தான் அவள் ஓவென்று அழுதாள்.